நூற்றுக்கு ஐந்து

ஊருக்கு ஆலை வருகிறது என்றால் மகிழாதவர் யார்? ஏரி வற்றி, புன்செய் காய்ந்து, வாலிபப் பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்கு வண்டி ஏறுகிற ஊரிலே, புகைபோக்கி ஒன்று எழுகிறது என்றால் அடுப்பும் எரியும் என்றுதான் தாய்மார்கள் எண்ணுவார்கள். எண்ணட்டும். அதிலே தவறில்லை. சர்க்கார்களும் மாநாடு கூட்டி, மாலை போட்டு, நிலம் தருகிறோம், மின்சாரம் தருகிறோம், வரியில் சலுகை தருகிறோம் என்று முதலாளிகளை அழைக்கிற காலம் இது. ஆலை வரட்டும் தோழர்களே, வேண்டாம் என்று சொல்பவன் ஏழையின் வயிற்றை அறியாதவன். ஆனால், வருகிற முதல் எதைத் தேடி வருகிறது, வந்த இடத்தில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு விட்டுவைக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இந்தக் கேள்வியைத் தொழிலாளி கேட்பது இயல்பு. ஆலை முதலாளி ஒருவரே கேட்டார் என்றால்?

கேட்டவர் இராபர்ட் ஓவன். 1771-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் குதிரைச் சேணம் செய்கிறவர். இரும்புச் சாமான் வியாபாரமும் உண்டு, ஊர் அஞ்சலையும் அவரே பார்த்தார். பள்ளிப் படிப்பு ஒன்பது பத்து வயதோடு முடிந்தது. பத்து வயதுச் சிறுவன் வீட்டை விட்டுக் கிளம்பி இலண்டனுக்குப் போய், அங்கிருந்து ஸ்டாம்போர்டு என்ற ஊரில் துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். கடைக்காரர் நல்லவர், கடையிலே துணியின் தரம் அறியக் கற்றான், ஓய்வு நேரத்திலே அவர் வீட்டுப் புத்தகங்களைப் படித்தான். பிறகு இலண்டனில் ஒரு கடை, பிறகு மான்செஸ்டர்.

மான்செஸ்டர்! அந்த நாளிலே பஞ்சு பணமாகிற ஊர் அது. அண்ணனிடம் நூறு பவுன் கடன் வாங்கி, நூற்பு எந்திரம் செய்கிற ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து ஓவன் தொழில் தொடங்கினார். கூட்டு நிலைக்கவில்லை. இருபது வயதிலே, டிரிங்வாட்டர் என்ற முதலாளியின் ஆலைக்கு மேலாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து நேராகப் போய் நின்றார். ஆண்டுக்கு முந்நூறு பவுன் சம்பளம் கேட்டார். மீசை முளைக்காத பையன் கேட்கிற தொகையா இது என்று முதலாளி திகைத்தார்; ஆனாலும் கொடுத்தார். ஐந்நூறு பேர் வேலை செய்யும் ஆலை, இருபது வயது இளைஞன் கையில் வந்தது. ஆறு வாரம் வாயைத் திறக்காமல் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் முதல் உத்தரவைப் போட்டார் என்று தம் வரலாற்றில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஓவன் ஒரு பக்கம் வளரட்டும். நாம் ஸ்காட்லாந்துக்குப் போவோம். நம் கதையின் களம் அங்கேதான் இருக்கிறது.

கிளாஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே இருபத்தைந்து மைல் தூரத்தில் லானார்க் என்ற பழைய சந்தை ஊர். அதன் அருகே கிளைடு ஆறு பாறைகளுக்கிடையே அருவியாக விழுந்து ஆழமான பள்ளத்தாக்கிலே ஓடுகிறது. சதுப்பு நிலம், மேய்ச்சலுக்குக்கூட நன்றாக உதவாது. பட்டணத்துச் சீமான்கள் அருவியின் அழகைப் பார்க்க வருவார்கள், பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். 1784-இல் அருவியை வேறு கண்ணோடு பார்த்த இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் டேவிட் டேல், நெசவுப் பிள்ளையாக இருந்து நூல் வணிகராக உயர்ந்து வங்கி நடத்துமளவு செல்வம் சேர்த்த கிளாஸ்கோக்காரர். மற்றவர் ரிச்சர்டு ஆர்க்ரைட், நீர்ச் சக்கரத்தால் நூற்கும் எந்திரத்துக்குப் பேர்போனவர். இருவரும் அந்த நீரைப் பார்த்தார்கள். நீராவி எந்திரம் இன்னும் ஆலைகளுக்குள் பெருவாரியாக வராத காலம். விழுகிற தண்ணீர்தான் ஆலையைச் சுழற்றும் ஆள். கூலி கேட்காத ஆள்! 1786-இல் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. ஆர்க்ரைட் விரைவிலே விலகிக்கொண்டார், டேல் தனியே நடத்தினார். புதிய ஊருக்கு நியூ லானார்க் என்று பெயர் வைத்தார்கள்.

பணம் வந்துவிட்டது, தண்ணீர் இருக்கிறது, கட்டிடம் எழுந்துவிட்டது. ஆள்? அதுதான் வரவில்லை! நாட்டுப்புறத்திலே ஆலை வைப்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. சுற்றுவட்டார உழவர்களுக்கு, மணி அடித்தால் உள்ளே போய் மணி அடித்தால் வெளியே வருகிற வாழ்வு பிடிக்கவில்லை. பஞ்சுத்தூசி பறக்கும் கொட்டகையைச் சிறை என்றே நினைத்தார்கள். அப்படியானால் ஆலைக்கு யார் வந்தார்கள்? போக்கிடம் இல்லாதவர்கள் வந்தார்கள். மலைநாட்டிலே ஆட்டு மந்தை வளர்க்க வேண்டும் என்று நிலப்பிரபுக்கள் குடிகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள். 1791-இல் ஸ்கை தீவிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட குடிகளின் கப்பல் ஒன்று புயலில் சிக்கி, கிரீனக் துறைமுகத்திலே ஒதுங்கியது. கையில் காசில்லை, மேலே போக வழியில்லை, திரும்பிப் போக வீடில்லை. டேல் ஆள் அனுப்பி அவர்களை அழைத்தார். நூறு பேர்போல வந்து குடியேறினார்கள்.

அதுவும் போதவில்லை. எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் அனாதை விடுதிகளில் ஏராளமான குழந்தைகள் இருந்தார்கள். விடுதிக்காரர்களுக்குச் செலவு குறைய வேண்டும். ஆலைக்கு விரல்கள் வேண்டும். ஒப்பந்தம் ஆயிற்று. ஆறு வயது, ஏழு வயது, எட்டு வயதுக் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். உணவு உண்டு, உடை உண்டு, படுக்கை உண்டு, கூலி கிடையாது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஏழு மணி வரை வேலை, நடுவில் உணவுக்கு ஒன்றரை மணி இடைவேளை. ஏழு மணிக்குமேல் பாடம்! தூங்கி விழும் குழந்தைக்கு எழுத்து ஏறுமா? ஏறாது. டேல் கொடியவர் அல்லர். அந்தக் காலத்து ஆலை முதலாளிகளிலே இரக்கமுள்ளவர் என்று பெயர் எடுத்தவர். ஆலை ஒன்று தீப்பிடித்தபோதுகூடத் தொழிலாளிகளைத் தெருவில் விடாதவர். அப்படிப்பட்டவர் ஆலையிலேயே இந்த நிலை என்றால் மற்றவர்கள் ஆலை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த ஊருக்குத்தான் ஓவன் வந்தார். வந்த விதம் வேடிக்கையானது. தொழில் நிமித்தம் கிளாஸ்கோவுக்குப் போனவர் டேலின் மகள் கரோலினைச் சந்தித்தார். மனம் அங்கே தங்கிவிட்டது. மகளைக் கேட்கத் தகப்பனாரைப் பார்க்க வேண்டும். போய் நிற்க ஒரு காரணம் வேண்டுமே! ஆலையை விலைக்குக் கேட்பதுபோலப் போனார். இருபத்தெட்டு வயது இளைஞன் கேட்கிறானே என்று டேல் முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினார். விலையையும் ஓவனையே சொல்லச் சொன்னார். அறுபதாயிரம் பவுன், ஆண்டுக்கு மூவாயிரமாக இருபது ஆண்டுகளில் அடைப்பது என்று முடிந்தது. பணம் ஓவனும் மான்செஸ்டர் கூட்டாளிகளும் போட்டது. 1799 செப்டம்பரில் திருமணம். 1800-ஆம் ஆண்டு பிறந்ததும் ஆலைப் பொறுப்பு.

ஊரிலே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஐந்நூறு பேர் அனாதைக் குழந்தைகள். தொழிலாளிகள் புதிய முதலாளியை நம்பவில்லை. ஏன் நம்பவேண்டும்? பேச்சிலே அயல்நாட்டான், வாங்கிய ஆலைக்கு இலாபம் எடுக்கத்தானே வந்திருக்கிறான்! வேலையிலே திருட்டு, குடி, சண்டை. ஓவன் செய்த முதல் காரியங்களும் அவர்களுக்கு இனிக்கவில்லை. தெருவைப் பெருக்கச் சொன்னார், வீடுகளைச் சுத்தமாக வைக்கச் சொல்லிப் பார்வையிட ஒரு குழுவை ஏற்படுத்தினார். பெண்கள் அந்தக் குழுவுக்கு மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர் என்று பெயர் சூட்டிக் கதவைச் சாத்தினார்கள். ஒவ்வொரு தொழிலாளி தலைக்கு மேலும் ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். நான்கு பக்கத்துக்கும் நான்கு வண்ணம். கறுப்புப் பக்கம் முன்னே இருந்தால் நேற்றைய வேலை மோசம், வெள்ளை இருந்தால் மிக நன்று, நடுவே நீலமும் மஞ்சளும். அடி இல்லை, வசவு இல்லை என்பது உண்மை. ஆனாலும் தலைக்குமேல் கறுப்புக் கட்டை தொங்க, நாள் முழுவதும் நாலுபேர் பார்க்க நின்று வேலை செய்வது எப்படியிருக்கும் என்பதை, தறியடியிலும் கதிரடியிலும் நின்ற நம் தோழர்கள் அறிவார்கள். ஓவனைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தை மெல்லக் கடந்துவிடுவார்கள். நாம் கடக்கவேண்டியதில்லை.

நம்பிக்கை வந்தது வேறொரு நாளில். அமெரிக்காவிலிருந்து பஞ்சு வருவது தடைப்பட்டு, பஞ்சு விலை தலைக்குமேல் ஏறிற்று. ஆலைகள் பல மூடின, தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். ஓவனும் எந்திரத்தை நிறுத்தினார். ஆனால் கூலியை நிறுத்தவில்லை. எந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருங்கள் என்று சொல்லி, நான்கு மாதம் முழுக்கூலி கொடுத்தார். ஏழாயிரம் பவுனுக்கு மேல் செலவு, வேலையோ இல்லை. அதற்குப் பிறகு ஊர் அவரைத் தன்னவர் என்று ஏற்றுக்கொண்டது. கட்டையின் வண்ணம் செய்யாததைக் கூலி செய்தது!

பிறகு அவர் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அனாதை விடுதிக் குழந்தைகளை இனி எடுப்பதில்லை என்று நிறுத்தினார். பத்து வயதுக்குக் குறைந்த எந்தக் குழந்தையையும் ஆலைக்குள் விடவில்லை. வீடுகளைப் பெருக்கிக் கட்டினார். ஊர்க்கடைக்காரர்கள் கடனுக்குக் கெட்ட சரக்கைக் கொள்ளை விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆலையே கடை வைத்து, மொத்தமாக நல்ல சரக்கு வாங்கி, அடக்க விலைக்குச் சற்று மேலே விற்றது. குடும்பச் செலவிலே நாலில் ஒரு பங்கு மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கடையின் சிறு இலாபமும் பள்ளிக்குப் போயிற்று. நோய்வாய்ப்பட்டவர்க்கு உதவ, கூலியில் அறுபதில் ஒரு பங்கு பிடித்து நிதி சேர்த்தார்கள். வேலை நேரம் படிப்படியாகக் குறைந்தது. 1816-இல் பாராளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சி சொன்னபோது நியூ லானார்க்கில் வேலை பத்தே முக்கால் மணி நேரம். மற்ற ஆலைகள் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கூலி மட்டும் மற்ற ஆலைகளைவிட உயர்வாக இல்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஆலையில் நூற்ற பஞ்சிலே பெரும்பங்கு, அமெரிக்கப் பண்ணைகளில் கறுப்பு அடிமைகள் பறித்த பஞ்சு. கிளைடு நதிக்கரைக் குழந்தைக்குப் பள்ளி கட்டிய பணத்திலே அந்த அடிமையின் வியர்வையும் கலந்திருந்தது. பிரிட்டனின் எந்திர நூல் பிறகு நம் நாட்டுக்கு வந்து கைராட்டினத்தை ஓயவைத்த கதை உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு பள்ளத்தாக்கில் நியாயம் செய்தவர் கண்ணுக்கு உலகம் முழுவதும் தெரிந்துவிடவில்லை.

இவ்வளவு செய்தும் இலாபம் குறைந்ததா? இல்லை! அங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது. முதல் பத்து ஆண்டுகளில் மூலதனத்துக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி போக, அறுபதாயிரம் பவுன் மிஞ்சியது என்று ஓவன் கணக்கு எழுதியிருக்கிறார். வாங்கிய விலையே அவ்வளவுதான். இருந்தும் கூட்டாளிகள் முணுமுணுத்தார்கள். பள்ளிக்கூடம் எதற்கு? வீடு எதற்கு? அந்தப் பணமும் எங்களுக்குச் சேரவேண்டியதுதானே? முதல் கூட்டாளிகள் விலகினார்கள். இரண்டாவது கூட்டாக வந்த கிளாஸ்கோ வணிகர்கள் இன்னும் கடுமையானவர்கள். பள்ளிக் கட்டிடத்துக்குக் குறுக்கே நின்றார்கள், ஓவனை மேலாளர் பதவியிலிருந்தே தூக்கினார்கள், ஆலையை ஏலத்தில் விடுவது என்று முடிவு செய்தார்கள். அவர்கள் போட்ட கணக்கு தெளிவானது. ஆலை நாற்பதாயிரம் பவுனுக்குக்கூடப் பெறாது என்று ஊரெல்லாம் பேசிவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள். மலிவாகத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம்.

ஓவன் இலண்டனுக்குப் போனார். சிறு நூல் ஒன்றை அச்சிட்டு, மனிதத்தன்மை உள்ள பணக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தார். நாட்டுப்புற ஆலைக்கு முதல் போட ஆள் தேடுகிற எவனும் என்ன சொல்வான்? இலாபம் கொட்டும் என்பான், இரண்டு பங்காகும் மூன்று பங்காகும் என்பான். ஓவன் நேர்மாறாகச் சொன்னார். போடுகிற பணத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து. அதற்கு மேல் ஒரு காசும் கேட்கக்கூடாது. மிஞ்சியதெல்லாம் பிள்ளைகளின் படிப்புக்கும் தொழிலாளர் நலத்துக்கும். இந்த நிபந்தனைக்கு ஒப்புகிறவர் வரலாம்.

வந்தார்கள் தோழர்களே! குவேக்கர் சமயத்தவரும் மருந்து வணிகருமான வில்லியம் ஆலன் வந்தார். சட்ட மேதை ஜெரமி பென்தம் வந்தார். வேறு சிலரும் சேர்ந்தார்கள். பென்தம் தம் வாழ்நாளில் போட்ட முதல்களிலே நட்டம் தராதது இது ஒன்றுதான் என்று பேச்சு உண்டு. வரம்பு கட்டினால் முதல் ஓடிவிடும் என்று இன்றும் பலர் பயமுறுத்துகிறார்கள். 1813-இல் வரம்பை முன்னே வைத்துத்தான் ஓவன் முதலைச் சேர்த்தார்.

1813 டிசம்பர் கடைசியில் கிளாஸ்கோவில் ஏலம். அறுபதாயிரத்தில் தொடங்கியது. நாற்பதாயிரம் பெறாது என்று சொல்லித் திரிந்தவர்களே நூறு நூறாக ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓவனின் வழக்கறிஞர் விடவில்லை. ஓரிலட்சம் தாண்டிற்று. ஓரிலட்சத்துப் பதினாலாயிரத்து நூறு பவுனில் ஏலம் ஓவன் பக்கம் விழுந்தது. செய்தி பள்ளத்தாக்குக்கு எட்டியதும் வீடுதோறும் சன்னலில் விளக்கேற்றினார்கள். ஓவனும் புதிய கூட்டாளிகளும் வந்த வண்டியை லானார்க்கிலேயே நிறுத்தி, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தொழிலாளிகளே இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். மனிதனை மனிதன் இழுப்பது நமக்குப் பிடித்த காட்சியல்ல. ஓவனுக்கும் அது பிடிக்கவில்லை என்றே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கைகள் எதை இழுத்துவந்தன என்று புரிகிறது. தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை இழுத்துவந்தன.

1816 சனவரி முதல் நாள் அந்தப் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. நடக்கத் தெரிந்த குழந்தைகள் தொடங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். பிரம்பு இல்லை. மூன்று வயதில் புத்தகத்தைத் திணிக்கவில்லை. பாட்டு, ஆட்டம், சுவரிலே பெரிய நிலப்படம், காட்டிலிருந்து கொண்டுவந்த செடி கொடிகள். ஆசிரியராக ஓவன் பொறுக்கியெடுத்தது பட்டம் பெற்ற பண்டிதரை அல்ல. குழந்தைகளிடம் பொறுமையுள்ள ஒரு நெசவாளியையும், ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணையும். மாலையில் அதே கட்டிடத்தில் பெரியவர்களுக்குப் பாடம். பார்க்க உலகமே வந்தது. பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வந்து பார்வையாளர் ஏட்டில் கையெழுத்திட்டார்கள். பின்னாளில் ருஷ்யாவின் ஜார் ஆன முதலாம் நிக்கலஸ்கூட இளவரசராக இருந்தபோது வந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் போய் என்ன செய்தார் என்பதை ருஷ்ய வரலாறு சொல்லும்!

தம் பள்ளத்தாக்கு மட்டும் போதும் என்று ஓவன் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. குழந்தை உழைப்பைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று பாராளுமன்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆலை முதலாளிகள் அவர்மேல் புழுதி வாரித் தூற்றினார்கள். 1819-இல் சட்டம் வந்தது. ஒன்பது வயதுக்குக் கீழே பஞ்சாலை வேலை கூடாது, பதினாறு வயது வரை பன்னிரண்டு மணி நேரம்தான் என்றது. அதைப் பார்வையிட ஓர் அதிகாரியைக்கூட நியமிக்கவில்லை. ஓவன் கேட்டது வேறு, கிடைத்தது வேறு.

நெப்போலியன் போர் முடிந்து நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். 1817-இல் ஓவன் ஒரு திட்டம் கொடுத்தார். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஏக்கர் நிலம், ஆயிரத்திருநூறு பேர், நடுவே பள்ளி, பொதுச் சமையல், சுற்றிலும் வீடு, அதற்கப்பால் வயலும் பட்டறையும். ஓர் ஊர் அமைக்கத் தொண்ணூற்றாறாயிரம் பவுன் முதல் வேண்டும். நிலமும் தொழிலும் ஒரே ஊரில், அந்த ஊர் மக்கள் கையிலேயே. அரச குடும்பத்தைச் சேர்ந்த கென்ட் கோமகன், விக்டோரியாவின் தந்தை, 1819-இல் நிதிக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ உறுப்பினர். இலட்சம் பவுன் திரட்டுவதாக எண்ணம். பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மதங்களையெல்லாம் ஓவன் வெளிப்படையாகக் குறை கூறிவிட்டதால் சீமான்களில் பலர் விலகிப் போனார்கள். மறுபக்கம், தொழிலாளர் பக்கம் நின்ற எழுத்தாளர் காபெட், ஏழைகளைப் பட்டியில் அடைக்கிற திட்டம் இது என்று ஏசினார். லானார்க் வட்டாரத்துப் பெருந்தனக்காரர்கள் கேட்டுக்கொண்டதன்மேல் 1820-இல் ஓவன் அவர்களுக்கென்றே ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். உழைப்பே விலைக்கு அளவுகோல் என்று அதிலே வாதாடினார். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நியூ லானார்க்குக்கு நூற்றுக்கு ஐந்து போதும் என்று வந்த முதல், இந்தப் புதிய ஊர்களுக்கு ஏன் வரவில்லை? அங்கே ஓடுகிற ஆலை இருந்தது, ஐந்து நிச்சயம். இங்கே மக்கள் இருந்தார்கள், திட்டம் இருந்தது, நிச்சயம் மட்டும் இல்லை. தவிர, அங்கே முதலாளி முதலாளியாகவே இருந்தார். இங்கே ஊரே உடைமையாளர் ஆகிவிடும். இரக்கத்துக்கு நன்கொடை கொடுப்பவன் உரிமைக்குக் கொடுப்பதில்லை.

சீமான்கள் தராவிட்டால் என்ன, தம் பணத்தைப் போட்டார் ஓவன். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், வாபாஷ் ஆற்றங்கரையில், சமயக் கூட்டத்தார் ஒருவர் உருவாக்கிய ஊர் விலைக்கு வந்தது. இருபதாயிரம் ஏக்கர்; வீடு, ஆலை, தோட்டம் எல்லாம் தயார். 1825-இல் வாங்கி நியூ ஹார்மனி என்று பெயரிட்டார். எண்ணூறு பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள். அறிஞர்கள் வந்தார்கள், பேச்சாளர்கள் வந்தார்கள், சும்மா இருக்க விரும்பியவர்களும் வந்தார்கள். உழத் தெரிந்தவர்களும் பட்டறை நடத்தத் தெரிந்தவர்களும்தான் போதவில்லை. எந்திரம் இருந்தது, ஓட்ட ஆளில்லை. சட்டதிட்டத்தை மாற்றி மாற்றி எழுதினார்கள். இரண்டே ஆண்டில் கலைந்தது. ஓவனின் செல்வத்தில் ஐந்தில் நான்கு பங்கு அந்த ஆற்றங்கரையில் கரைந்தது.

அதற்குள் நியூ லானார்க்கிலும் காற்று மாறியிருந்தது. நூற்றுக்கு ஐந்துக்கு ஒப்பிய வில்லியம் ஆலனுக்கு, பிள்ளைகள் ஆடுவதும் பாடுவதும் வேதப்பாடம் குறைவதும் பொறுக்கவில்லை. 1824-இல் கூட்டாளிகள் பள்ளியின் முறையையே மாற்றினார்கள். ஓவன் நிர்வாகத்தை விட்டு விலகினார். 1828-இல் கடைசித் தொடர்பும் அற்றது. அந்த ஊரிலே ஏராளமான தொழிலாளிகள் இருந்தார்கள். பள்ளி எப்படி நடக்கவேண்டும், ஆலை யார் கையில் இருக்கவேண்டும் என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. ஓவனும் கால் நூற்றாண்டு காலத்தில் அதற்கு ஒரு வழி செய்து வைக்கவில்லை. விளக்கேற்றவும் வண்டி இழுக்கவும் உரிமை இருந்தது, வாக்களிக்க இல்லை.

ஆனால் தொழிலாளிகள் ஓவனை விடவில்லை. அமெரிக்காவிலிருந்து ஏறத்தாழ வெறுங்கையோடு திரும்பியவர், தம் கருத்துக்கள் சங்கங்களிலும் சின்னச் சின்னக் கூட்டுறவுக் கடைகளிலும் முளைத்திருப்பதைக் கண்டார். முதலாளியாக வாழ்ந்தவர் அறுபது வயதுக்குமேல் தொழிலாளர் தலைவரானார். 1834-இல் பல தொழிற்சங்கங்களையும் ஒன்றாக்கிய பெருஞ்சங்கம் எழுந்தபோது அவர் முன்னே நின்றார். சங்கம் சேர இரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்று குற்றம் சாட்டி, டால்படில் என்ற கிராமத்தின் பண்ணைத் தொழிலாளர் ஆறு பேரைக் கடல் கடத்தினார்கள். அதைக் கண்டித்து இலண்டனில் திரண்ட மாபெரும் ஊர்வலத்தில் ஓவனும் இருந்தார். பெருஞ்சங்கம் அந்த ஆண்டு முடியுமுன்பே சிதறிவிட்டது.

பத்தாண்டு கழித்து, 1844-இல், ரோச்டேல் என்ற ஊரில் இருபத்தெட்டுப் பேர், நெசவாளிகளும் பிற தொழிலாளிகளும், வாரம் இரண்டு மூன்று பென்னியாகச் சேர்த்து இருபத்தெட்டுப் பவுன் முதலில் ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. அவர்களிலே ஓவன் கொள்கையினர் பலர். முதலுக்கு வரம்பு கட்டிய வட்டி மட்டும், மிச்சம் கடையில் சரக்கு வாங்கியவர்களுக்கே என்று விதி எழுதினார்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. சீமான்களிடம் கேட்டுக் கிடைக்காத இலட்சம் பவுனை நம்பி அவர்கள் காத்திருக்கவில்லை. உலகம் முழுவதும் பரவிய கூட்டுறவு இயக்கம் அந்தக் கடையைத்தான் தன் தாய்வீடு என்று சொல்கிறது.

நியூ லானார்க் ஆலைகள் கைமாறிக் கைமாறி 1968 வரை ஓடின. நீராவி வந்தபின் அருவிக்கரை ஆலைகள் பல பட்டணம் நோக்கிப் போய்விட்டன; இது நூற்றெண்பத்திரண்டு ஆண்டு நின்றது. ஆலை மூடியதும் ஊர் காலியாயிற்று. பிறகு அறக்கட்டளை ஒன்று பழைய கட்டிடங்களைக் காப்பாற்றியது. 2001-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஓவன் கடைசிவரை எழுதினார், பேசினார். 1858-இல், எண்பத்தேழு வயதில், உடல் தளர்ந்த நிலையிலும் லிவர்பூல் மாநாடு ஒன்றுக்குப் போய்ப் பேச எழுந்து, பேசி முடிக்க முடியாமல் படுக்கையில் விழுந்தார். சற்றுத் தேறியதும், தாம் பிறந்த ஊருக்கு அழைத்துப் போகச் சொன்னார். நியூடவுனில், தகப்பனார் சேணம் தைத்த வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் தங்கினார். நவம்பர் 17-ஆம் நாள் அங்கேயே உயிர் பிரிந்தது. பழைய தேவாலயத்தின் முற்றத்தில், தாய் தந்தையர் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் அந்தக் கல்லறையைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி போட்டுச் சீர் செய்தது கூட்டுறவு இயக்கத்தாரின் பணம்.